களவுப் பொருளும் காட்டும் கருவியும்

களவு போன பொருளைத் திரும்பப் பெறுவது எந்தத் தேசத்திலும் எளிதான காரியமன்று. போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுப் பொருளை மறந்துவிடுவதே பெரும்பாலோரின் அனுபவம். இந்நிலையில், நாணயத்தைக் காட்டிலும் சற்றே பெரிதான ஒரு வில்லை, பொருள் இருக்குமிடத்தைத் தான் காட்டுவதாக முன்வந்திருக்கிறது. டைல் என்னும் கம்பெனியார் இவ்வகைச் சாதனங்களை முன்பே விற்றுவந்தனர். 2021-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஆப்பிள் கம்பெனியார் ஏர்டேக் என்னும் பெயரால் தங்களுடையதை வெளியிட்ட பின்னர், இதன் உபயோகம் வெகுவாகப் பரவிவிட்டது. சாவிக்கொத்திலும், பிரயாணப் பெட்டியிலும், சைக்கிளிலும், மோட்டார் காரிலும் ஜனங்கள் இதை வைத்துக்கொள்கிறார்கள். இதனால் விளையும் அனுகூலத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும், இக்கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை ஜனங்களும் போலீஸாரும் அறியாதிருப்பின் விபரீதம் நேரும் என்பதை எடுத்துக்காட்டுவது நமது கடமையென்று கருதுகிறோம்.

வில்லைக்குள் சுமார் ஒரு வருஷம் உழைக்கும் சிறு பாட்டரி இருக்கிறது. அதன் பலத்தால் வில்லை புளூடூத் அலைக்குறியை விடுத்துக்கொண்டே இருக்கும். தான் இருக்குமிடம் வில்லைக்குத் தெரியாது. வழியே செல்லும் யாரோ ஒருவரின் செல்போன் அக்குறியை ஏற்று, அந்தச் செல்போன் இருக்கும் இடத்தைக் கணக்கிட்டு, பிறர் அறியாவண்ணம் இரகசியக் குறிகளாக மாற்றி, இன்டர்நெட் வழியாக உடையவருக்குத் தெரிவிக்கிறது. ஆகவே, உடையவர் பார்க்கும் படத்தில் தோன்றும் புள்ளி உத்தேசமானதே. சில சமயம் அது சற்று நேரத்திற்கு முன் இருந்த நிலையாகவும் இருக்கும். நெருங்கிய வீடுகள் உள்ள தெருவில், குறி வந்தது இந்த வீட்டிலிருந்தா, அடுத்த வீட்டிலிருந்தா, கீழ்த்தளத்திலிருந்தா, மாடியிலிருந்தா என்பதை அப்புள்ளியைக் கொண்டு நிச்சயிக்க இயலாது.

இத்தகைய கருவியை அரசாங்கத்தாரே ஜனங்களுக்கு வழங்கத் தலைப்பட்டிருக்கின்றனர். 2023 ஏப்ரலில் நியூயார்க் மேயர், சங்கமொன்று நன்கொடையாக அளித்த 500 ஏர்டேக்குகளைப் பிராங்க்ஸ் பகுதியில் கார் வைத்திருப்போருக்குக் கொடுக்கப்போவதாக அறிவித்தார். அவ்வருஷம் நவம்பரில் வாஷிங்டன் நகர மேயரும், கார்க் கொள்ளை மிகுந்த பகுதிவாசிகளுக்கு இவற்றை இலவசமாக அளிக்கும் திட்டத்தை வெளியிட்டார். நோக்கம் நல்லதே. ஆனால், புள்ளியைக் கண்ட பின் போலீஸார் உடனே வந்து உதவினால்தான் இதனால் பயனுண்டு. அவர்கள் வரத் தாமதித்தால், பொருளைப் பறிகொடுத்தவர் ஆத்திரத்துடன் தாமே புறப்பட்டுவிடுவார். அதன் முடிவு என்னவாகலாம் என்பதை அமெரிக்காவில் டென்வர் நகரில் நடந்த ஒரு சம்பவம் காட்டுகிறது. அதில் சம்பந்தப்பட்டது வில்லையன்று. களவுபோன செல்போனின் இருப்பிடத்தை அவ்வாறே படத்தில் காட்டும் வசதியாகும். எனினும் பாடம் ஒன்றே.

2020 ஆகஸ்டில், செல்போனைப் பறிகொடுத்த வாலிபன் ஒருவன், அது இருப்பதாகப் படம் காட்டிய வீட்டுக்குத் தோழர் இருவருடன் அகாலத்தில் சென்று தீ வைத்தான். செனகல் தேசத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தார் ஐவர், கைக்குழந்தை உட்பட, அத்தீயில் மாண்டனர். அவர்களுக்கும் களவுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அவ்வாலிபனுக்கு 2024-ல் 60 வருஷச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மாண்டவர்கள் மீண்டுவரப் போவதில்லை.

வாலிபன் அறியாமையாலும் ஆத்திரத்தாலும் செய்தான், சட்டமறிந்த போலீஸார் அவ்வாறு செய்யார் என்று சிலர் சொல்லக்கூடும். அதே நகரில் 2022 ஜனவரியில் ஒரு டிரக் வண்டி துப்பாக்கிகளுடன் களவு போயிற்று. அதிலிருந்த செல்போனின் இடத்தைக் காட்டிய வட்டத்திற்குள் பல வீடுகள் இருந்தன. போலீஸார் அவற்றுள் ஒன்றை, 77 வயது மூதாட்டி ஒருவர் வசித்த வீட்டை, தேர்ந்தெடுத்து, வாரண்டு பெற்று, ஆயுதப் படையுடன் சென்று கதவை இடித்துச் சோதித்தனர். களவுப் பொருள் ஒன்றும் அகப்படவில்லை. 2024 மார்ச்சில் ஜூரிகள் அம்மூதாட்டிக்கு 37 லட்சத்து 60 ஆயிரம் டாலர் நஷ்ட ஈடு வழங்கும்படி தீர்ப்பளித்தனர்.

இங்கிலாந்தில் 2025 பிப்ரவரியில் அரசாங்கத்தார் பார்லிமெண்டில் கொண்டுவந்த மசோதா இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. களவுப் பொருள் இருப்பதாக இத்தகைய சாதனம் காட்டும் வீட்டினுள் வாரண்டு இல்லாமலே நுழைந்து சோதிக்க அதில் போலீஸாருக்கு அதிகாரம் கோரப்பட்டது. இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத உத்தியோகஸ்தரின் அனுமதி வேண்டுமென்பது அதிலுள்ள பாதுகாப்பு. தாமதித்தால் திருடன் பொருளை அப்புறப்படுத்திவிடுவான் என்னும் வாதத்தில் உண்மை உண்டு. ஆனால், வாரண்டு பெற்றுச் சென்ற டென்வர் போலீஸாரே தவறினார்கள் என்றால், வாரண்டும் வேண்டாமென்றானபின் நிரபராதிக்கு ஏது காப்பு? மாஜிஸ்டிரேட் துரிதமாக உத்தரவிட ஏற்பாடு செய்வது ஒன்று. மாஜிஸ்டிரேட்டே வேண்டாமென்பது வேறொன்று. முன்னதை நாம் வரவேற்கிறோம், பின்னதை ஆட்சேபிக்கிறோம்.

பிறிதொரு விஷயமும் உண்டு. பொருளைத் தொடரும் இக்கருவியை ஒரு பெண்ணின் பையிலோ வண்டியிலோ ஒளித்துவைத்து அவளைத் தொடரும் துஷ்டர்களும் இருக்கின்றனர். இதன் பொருட்டு ஆப்பிள் கம்பெனியார் மீது 2022 டிஸம்பரில் கலிபோர்னியாவில் வழக்கும் தொடரப்பட்டது. பிறருடைய வில்லை ஒருவருடன் கூடவே வருமாயின் அவருடைய செல்போன் எச்சரிக்கும் முறையை, ஆப்பிள், கூகிள் கம்பெனியார் இருவரும் சேர்ந்து 2024 மே மாதத்தில் இரு வகைச் செல்போன்களுக்கும் பொதுவாக்கினர். இவ்வெச்சரிக்கை திருடனுக்கும் கிடைக்குமே என்று குறை கூறுவோர் உளர். கிடைக்கும், திருடன் வில்லையைப் பிடுங்கி எறிந்தும் விடுவான். திருடனுக்குத் தெரியாமல் மறைத்தால், தொடரப்படும் பெண்ணுக்கும் தெரியாமற் போகும். பொருள் போனால் வேறு வாங்கலாம். ஆதலால் எச்சரிக்கை இருப்பதே நியாயம்.

வில்லை வேண்டாமென்பது நமது கட்சியன்று. அது காட்டும் புள்ளி துப்பேயன்றி ருசுவன்று என்பதே நாம் வற்புறுத்துவது. பொருளை இழந்தவர் தனியே பிறர் வாசலுக்குச் செல்லாமல், புள்ளி தோன்றிய இடத்தையும் நேரத்தையும் குறித்துப் போலீஸாரிடம் கொடுக்கட்டும். போலீஸார் அதை அலட்சியம் செய்யாமல் உடனே விசாரித்து, வேறு சாட்சியமும் தேடி, அதன் பின்னரே ஒரு வீட்டின் கதவைத் தட்டட்டும். கருவி எவ்வளவு நுட்பமானதாயினும், விசாரித்து அறியவேண்டிய பொறுப்பு மனிதரையே சாரும்.