பெரும்பாக்கத்தார் ஓட்டு எங்கே?



2022 பிப்ரவரி 19 தேர்தலில் சென்னை மாநகராட்சியில் பதிவான வாக்கு சுமார் 43 விழுக்காடுதான். படித்தவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்று ஆளாளுக்கு அலுத்துக்கொண்டீர்கள். சரிதான். ஆனால் விரும்பினாலும் போட முடியாதவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை.

கூவம் கரையிலிருந்து அகற்றிப் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளில் குடியேற்றினார்களே, அவர்களைச் சொல்கிறேன். அது ஊராட்சி, மாநகராட்சியின் 200 வார்டுகளில் வராது. சில கிலோமீட்டர் தள்ளியுள்ள கண்ணகி நகர் 2011 விரிவாக்கத்திலேயே உள்ளே வந்துவிட்டது! (குடிமையியல் பாடத்தில் இதெல்லாம் இருக்காது.) வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் பஸ் ஏறி இதே நகரத்துக்குத்தான் வருகிறார்கள். குப்பையும் கூட்டுகிறார்கள். கவுன்சிலரைக் கேள்வி கேட்கத்தான் உரிமையில்லை. மேயரைத் தேர்ந்தெடுப்பதும் அந்தக் கவுன்சிலர்கள்தான்.

குடியேற்றும்போதே பெரும்பாக்கத்தை மாநகராட்சியில் சேர்த்திருக்க வேண்டும். உங்களில் அரசுப் பணியில் இருப்பவர்கள், இதற்கு என்ன தடை என்று எனக்கு எழுதுங்கள்.