எறும்புக் கணக்கு

எறும்பு தன் எடையைப் போலப் பல மடங்கு தூக்கும், யானையால் அது முடியாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அதை நாம் விடாமுயற்சிப் பாடமாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். இப்போது அதே பாடம் தில்லியின் ஜிம்களில் பயிற்சியாளர் வேடம் போட்டு நிற்கிறது.

லட்சுமி நகரிலோ மயூர் விஹாரிலோ, ஏதாவது ஒரு பேஸ்மென்ட் ஜிம்முக்குச் சாயங்காலம் ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். ஒரு பையன் 120 கிலோ டெட்லிஃப்ட் எடுத்துவிட்டு ராடைத் தரையில் போடுகிறான். சத்தம் அடங்குவதற்குள் பக்கத்தில் நிற்பவர் கேட்பார்: "உன் வெயிட் என்ன?" அறுபது என்றால் முதுகில் தட்டு விழும், இரண்டு மடங்காயிற்றே. தொண்ணூற்றைந்து என்றால், "ஓ, அவ்வளவுதானா" என்ற பார்வை. தூக்கப்பட்ட இரும்பு இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒருவன் வீரன், இன்னொருவன் சோம்பேறி.

பெஞ்ச் பிரஸ் ஒரு மடங்கு, ஸ்குவாட் ஒன்றரை, டெட்லிஃப்ட் இரண்டு என்று ஒரு வாய்ப்பாடே இருக்கிறது. இதைத் தாண்டினால்தான் 'ஸ்ட்ராங்'. பலத்தை உடல் எடையால் வகுப்பதுதான் நியாயமான அளவுகோல் என்பது ஜிம்முக்குப் போகாதவர்களுக்கும் ஊறிப்போன நம்பிக்கை. நியாயம் போலத் தோன்றும் இந்த வகுத்தல் தப்பு. தப்பாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடவும் முடியவில்லை, ஏனென்றால் அது ஆட்களைக் கெடுக்கிறது.

முதலில் எறும்பின் கதையை முடித்துவிடுவோம். தசையின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. உடலின் எடையோ கன அளவைப் பொறுத்தது. ஒரே வார்ப்பில் உள்ள உடலை இரு மடங்கு உயரமாக்கினால் பலம் நான்கு மடங்காகும், எடை எட்டு மடங்காகும். உடல் பெரிதாகப் பெரிதாக, எடைக்கு இத்தனை பலம் என்ற விகிதம் தானாகவே இறங்கும். யாருடைய சோம்பலும் அதற்குத் தேவையில்லை. பெரிய உடலுக்கு எலும்பும் தடிக்க வேண்டியிருப்பதைக் கலிலியோ 1638-இலேயே எழுதிவிட்டார். எறும்பை மனித அளவுக்கு ஊதிப் பெரிதாக்கினால் அது மூட்டையைத் தூக்காது. தன் காலிலேயே நிற்காது. 1956-இல் 'சயன்ஸ்' இதழில் லீட்ஸ்கே என்பவர் பளுதூக்கும் சாதனைகளை உடல் எடையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதும் இதே கணக்குதான் வந்தது: பலம் எடையோடு நேராக ஏறுவதில்லை, எடையின் மூன்றில் இரண்டு அடுக்கை ஒட்டித்தான் ஏறுகிறது.

இதை ஜிம் பாஷையில் சொன்னால், 60 கிலோ ஆள் 120 தூக்குகிறார், இரண்டு மடங்கு. அதே வார்ப்பில், அதே பயிற்சியில் 90 கிலோ உள்ளவரிடம் நியாயமாக எதிர்பார்க்க வேண்டியது சுமார் 157 கிலோ. நம் வாய்ப்பாடு கேட்பது 180. இடையில் உள்ள 23 கிலோ, பெரிய உடம்போடு பிறந்ததற்காக விதிக்கப்படும் அபராதம்.

மீராபாய் சானு 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் 119 கிலோ கிளீன் அண்ட் ஜெர்க் செய்து உலக சாதனை படைத்தார். அப்போது அவருடைய பிரிவு 49 கிலோ. வகுத்தால் 2.43. அதே ஆண்டு டோக்கியோவில் ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே 265 கிலோ தூக்கினார். அவர் உடம்பு கிட்டத்தட்ட 180 கிலோ. வகுத்தால் ஒன்றரைக்குப் பக்கம். அப்படியானால் மனித வரலாற்றில் அதுவரை ஒலிம்பிக் மேடையில் தூக்கப்பட்ட மிகப் பெரிய எடையைத் தூக்கியவர் ஒரு சுமாரான ஆள் என்றாகிறது. மீராபாய் மாபெரும் வீராங்கனை என்பதில் சந்தேகமே இல்லை. அதை நிறுவ இந்த வகுத்தல் தேவையில்லை என்பதுதான் என் வாதம்.

இன்னும் கிட்டத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. தில்லி விளையாட்டுப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக 2021-இல் நியமிக்கப்பட்டவர் கர்ணம் மல்லேஸ்வரி. 1994, 1995 என்று அடுத்தடுத்து உலக சாம்பியன் ஆனபோது அவர் 54 கிலோ பிரிவில் இருந்தார். 1995-இல் அவர் கிளீன் அண்ட் ஜெர்க்கில் தூக்கிய 113 கிலோ அன்றைக்குப் பெரிய பேச்சு. வகுத்துப் பார்த்தால் 2.09. ஐந்து வருஷம் கழித்து, பெண்களுக்கு முதன்முறையாகப் பளுதூக்குதல் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட சிட்னியில், 69 கிலோ பிரிவில் இறங்கினார். அதற்குள் உடம்பு ஏறியிருந்தது. பத்திரிகைகளில் முணுமுணுப்பும் இருந்தது. ஸ்னாட்சில் 110, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 130, மொத்தம் 240. இந்தியப் பெண் ஒருவர் வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. 130-ஐ 69-ஆல் வகுங்கள்: 1.88. ஜிம் வாய்ப்பாட்டின்படி மல்லேஸ்வரி அந்த ஐந்து வருஷத்தில் பலவீனமாகிப் போனார்! உடம்பை ஏற்றிக்கொண்டு கூடுதலாக 17 கிலோ இரும்பைத் தலைக்கு மேல் நிறுத்தியவரைப் பார்த்து எந்த வாய் இதைச் சொல்லும்? கடைசி முயற்சியில் தங்கத்துக்காக 137.5 கேட்டு அது கைகூடாமல் போனது வேறு கதை. அந்த எடையைக் கேட்கும் துணிவு 54 கிலோ உடம்பில் வந்திருக்காது.

'பிறகு எடைப் பிரிவு எதற்கு?' என்பார்கள். நல்ல கேள்வி, ஆனால் பதில் அவர்களுக்கு எதிராகப் போகிறது. பிரிவு வைத்ததே வகுக்காமல் இருப்பதற்குத்தான். வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் இரண்டு தூக்கலிலும் சேர்த்து மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். அங்கே அவர் எத்தனை மடங்கு என்று யாரும் கால்குலேட்டரைத் தட்டவில்லை; ஏறக்குறைய ஒரே எடையுள்ளவர்களில் அதிக இரும்பைத் தூக்கியவர் யார் என்று மட்டும்தான் பார்த்தார்கள். வெவ்வேறு பிரிவினரை ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் அதற்குக் கனடாவின் ராய் சின்கிளேர் ஒரு சூத்திரம் போட்டார். பவர்லிஃப்டிங்கில் வில்க்ஸ் சூத்திரம் வந்தது. அதிலும் குறை கண்டு 2019-இல் சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பு அதைக் கைவிட்டது. இதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இவ்வளவு தலையைப் பிய்த்துக்கொள்ளும்போது, நம்மவர்கள் மூன்றாம் வகுப்பு வகுத்தலோடு தீர்ப்பு எழுதுகிறார்கள்.

ஸ்குவாட்டில் இன்னும் வேடிக்கை. உட்கார்ந்து எழுபவர் ராடை மட்டுமா தூக்குகிறார்? தன் உடம்பின் பெரும்பகுதியையும் சேர்த்தல்லவா தூக்குகிறார்! 100 கிலோ ஆள் 150 கிலோவோடு எழுந்தால் அந்தக் கால்கள் தள்ளுவது 200-க்கும் மேல். இந்த உடம்புச் சுமையை நம் வாய்ப்பாடு தூக்கிய கணக்கில் சேர்க்காது. வகுக்கும் இடத்தில் மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளும். ஒரே எடையைக் கொண்டு ஒரே ஆளை இரண்டு முறை ஏமாற்றும் கணக்கு இது.

கெடுதி எங்கே என்றால், வகுத்தலில் விடையைக் கூட்ட இரண்டு வழி உண்டு: மேலே உள்ளதை ஏற்றலாம், அல்லது கீழே உள்ளதை இறக்கலாம். இரண்டாவதுதான் சுலபம். 75 கிலோவில் 110 தூக்கிய இளைஞன் சாப்பாட்டைக் குறைத்து, ரொட்டியை நிறுத்தி, 66-க்கு வருகிறான். இப்போது 102-தான் எழும்புகிறது. ஆனால் 1.47 என்றிருந்தது 1.55 ஆகிவிட்டது. எட்டு கிலோ பலம் போய்விட்டது. அதற்கு அவனுக்குக் கைதட்டு. வளர வேண்டிய வயதில், தசை போட வேண்டிய பருவத்தில், எடை ஏறிவிடுமோ என்று பயந்து வேகவைத்த முட்டையின் வெள்ளையை மட்டும் டப்பாவில் கொண்டுவரும் பையன்களை நான் பார்க்கிறேன். மறுபுறம், 98 கிலோவோடு முதல் தடவை ஜிம் படியிறங்கும் நடுவயதுக்காரர். மூன்று மாதத்தில் 98 ஸ்குவாட் செய்கிறார். அது உண்மையாகவே நல்ல வேலை. "ஒரு மடங்குதானே அங்கிள்" என்ற ஒரு சொல் போதும், நான்காவது மாதம் அவர் வரமாட்டார். பெண்கள் பாடு இன்னும் மோசம். ஆண் உடம்பை மனதில் வைத்துப் போட்ட மடங்குகளை அப்படியே அவர்கள் தலையிலும் கட்டுகிறார்கள்.

ஜிம்முக்கு வெளியே இருக்கும் உலகம் மடங்கு கேட்பதில்லை. காரி பாவ்லியில் மசாலா மூட்டை சுமக்கும் பல்லேதாரைப் பாருங்கள். தலையில் சும்மாடு, முதுகு முன்னே சாய்ந்து, எதிரே வரும் தள்ளுவண்டிக்கும் சைக்கிள் ரிக்‌ஷாவுக்கும் "வழி விடு" என்று குரல் கொடுத்துக்கொண்டே போவார். மூட்டை ஐம்பது கிலோ என்றால் ஒல்லி ஆளுக்கும் ஐம்பதுதான், தடித்தவருக்கும் ஐம்பதுதான். கூலியும் மூட்டைக்குத்தான். முனிர்க்காவின் குறுகிய படிகளில் மூன்றாம் மாடிக்கு ஏறும் காஸ் சிலிண்டரில் உள்ள 14.2 கிலோ எரிவாயுவும், அதைவிடச் சற்றுக் கூடக் கனக்கும் இரும்பும் யாருடைய உடம்பையும் பார்த்துக் குறைவதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் சுமைக்கு ஓர் உச்சவரம்பைப் பரிந்துரைத்தபோது, வயதுவந்த ஆணுக்கு 55 கிலோ என்று ஒரே எண்ணைத்தான் போட்டது. நம் ஊர்ப்பக்கத்து இளவட்டக்கல்லும் அப்படித்தான். மந்தையில் கிடக்கும் அந்தக் கல்லைத் தூக்க வந்த மாப்பிள்ளையை யாரும் முதலில் தராசில் ஏற்றியதாகக் கேள்விப்பட்டதில்லை.

உடம்பே சுமையாக இருக்கும் இடங்களில் வகுத்தல் பொருந்தும், மறுக்கவில்லை. புல்-அப், கயிறு ஏறுதல், மல்லகம்பம், மலையேற்றம் எல்லாவற்றிலும் லேசான உடம்புக்கு வாசி உண்டு. அந்தத் திறமையைப் போற்றுங்கள், அதற்கென்று தனியாகப் போட்டி வையுங்கள். ராடில் பிளேட் மாட்டும் இடத்தில் அந்த அளவுகோலை ஏன் இழுத்து வருகிறீர்கள்?

'அப்போ நான் ஸ்ட்ராங்கா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?' என்று கேட்கும் தம்பிக்கு: போன தீபாவளிக்கு எவ்வளவு தூக்கினாய், இந்தத் தீபாவளிக்கு எவ்வளவு தூக்குகிறாய் என்று நோட்டில் எழுதி வை. அடுத்தவனோடு மோதித்தான் பார்ப்பேன் என்றால் மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடு. அங்கே உன்னைத் தராசில் நிறுத்துவார்கள், ஒரு பிரிவில் போடுவார்கள். அத்தோடு உன் எடையின் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடுவர்கள் பார்ப்பது ராட் மேலே போயிற்றா என்பதைத்தான்.