உறுதிமொழி ஏழு! உண்மை ஒன்று!



1994ஆம் ஆண்டு, ஏப்ரல் 14ஆம் நாள். அமெரிக்கத் தலைநகராம் வாஷிங்டனில், நாடாளுமன்றக் குழுவொன்றின் முன்னே எழுவர் நிற்கின்றனர். ஏழை எளியவரல்லர், ஏழு பெரும் புகையிலை நிறுவனங்களின் தலைவர்கள்! உண்மையே உரைப்போம் என வலக்கரம் உயர்த்தி உறுதி கூறுகின்றனர். நிகோடின் மனிதனை அடிமைப்படுத்துமா என்ற வினா எழுகிறது. ஒருவர் பின் ஒருவராக எழுவரும் ஒப்புவித்த விடை ஒன்றே: அடிமைப்படுத்தாது என்பதே எங்கள் நம்பிக்கை!

நம்பிக்கையாம்! அது கிடக்கட்டும். புகைப்பவன் மண்டைக்குள் நடப்பது என்ன? காண்போம், வாரீர்!

மூளையிலே கோடானுகோடி நரம்பணுக்கள். அவை ஒன்றோடொன்று பேசிட வேதித் தூதர்கள் உண்டு. அவர்களுள் ஒருவன் அசிட்டைல்கோலின். அவன் வந்தால் திறப்பதற்கென்றே நரம்பணுக்களின்மீது வாயில்கள் அமைந்துள்ளன. ஏற்பிகள் என்பர் அறிவியலார். புகையிலைச் செடியிலே பிறந்த நிகோடினோ, அந்தத் தூதனின் முத்திரையைப் போன்றதொரு போலி முத்திரையுடன் புறப்படுகிறது! புகையை உள்ளிழுத்த 10 முதல் 20 நொடிக்குள், நுரையீரல் கடந்து, குருதியில் கலந்து, மூளைக் கோட்டைக்குள் புகுந்துவிடுகிறது. வாயில் திறக்கிறது, டோபமீன் சுரக்கிறது. பசித்தவன் உணவு கண்டால், “இதனை மறவாதே, மீண்டும் நாடு!” என்று மூளைக்குக் கற்பிக்கும் பொருள் அது. உழைத்துப் பெறவேண்டிய பரிசு, ஊதிப் பெறப்படுகிறது!

அத்தோடு முடிந்ததா? இல்லை! போலித் தூதன் நாள்தோறும் தட்டத் தட்ட, வாயில்கள் மரத்துப்போகின்றன. மூளையோ அவற்றின் எண்ணிக்கையைப் பெருக்குகிறது. குருதியிலுள்ள நிகோடின் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. பெருகிவிட்ட வாயில்கள் கூக்குரலிடுகின்றன. எரிச்சல் மூள்கிறது, கவனம் சிதறுகிறது, கை தானாகவே பெட்டியைத் தேடுகிறது. “புகைத்தால்தான் சிந்தனை ஓடுகிறது” என்கிறார் நண்பர். முன்னது மூட்டிய தீயைப் பின்னது சற்றே தணிக்கிறது, அவ்வளவே! கொளுத்தியவனே குடத்து நீருடன் வந்து கூலி கேட்கும் கொடுமையன்றோ இது!

அந்நிறுவனங்கள் இதனை அறியாவா? அறியும்! நிகோடின் அடிமைப்படுத்தும் பொருள். அதனை விற்பதே நமது வணிகம் என்று, 1963இலேயே பிரவுன் அண்டு வில்லியம்சன் நிறுவனத்தின் சட்ட ஆலோசகர் அடிசன் யேமன் உட்குறிப்பு எழுதிவைத்தார். 1988இல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி எவரட் கூப், அதே உண்மையை அறிக்கையாக வெளியிட்டு உலகறியச் செய்தார். அதற்கும் ஆறாண்டு கழித்துத்தான் அந்த ஏழு உறுதிமொழிகள்! புகையிலை நிறுவனங்கள் பல்லாண்டுக் காலம் மக்களை ஏமாற்றின என 2006இல் நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் தீர்ப்பளித்தார்.

விரும்புகிறவன் புகைக்கிறான், விருப்பம் அவன் உரிமை என்று வாதிடுவோர் இன்னும் உளர். உரிமையா? புகைப்போரில் பெரும்பாலோர், மூளை முதிருமுன், இளமையிலேயே தொடங்கியவர்கள். விட விரும்பியும் விட இயலாமல் வாடுவோர் எத்துணை பேர்! விலக வழியில்லாத விருப்பத்திற்கு விடுதலை என்றா பெயர்? உயிர் குடிப்பவை பெரிதும் புகையின் பிற நஞ்சுகள். அவற்றிடம் நாள்தோறும் இழுத்துச் செல்லும் சங்கிலியே நிகோடின்! சுருட்டாயினும், பீடியாயினும், மெல்லும் புகையிலையாயினும், சங்கிலி ஒன்றே!

எனினும், அறுபடாத சங்கிலியன்று அது. புகையை விட்டொழித்தால், பெருகிய வாயில்கள் சில வாரங்களிலே பழைய நிலைக்குத் திரும்புகின்றன. முதல் நாட்கள் கடியவை. அந்நாட்களில் தோழனுக்குத் தோள் கொடுப்பீர். தவறி மீண்டும் பற்றவைத்தால் பழிக்காதீர். மருத்துவரிடம் அழைத்துச் செல்வீர். அவன் கோழையல்லன், கோட்டைக்குள் பகைவனை வைத்துப் போரிடுபவன்!

அடிமையை ஏளனம் செய்யாதீர், ஆண்டையை அம்பலப்படுத்துவீர்!