மாற்றிப் பின்னும் கை

ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடல் நடுவே கிடக்கும் ஷெட்லாந்து தீவுகளின் தலைநகர் லெர்விக். செப்டம்பர் கடைசியில் அங்கே நடக்கும் கம்பளி வாரத்துக்கு வருகிறவர்களில் பலருடைய தலையில் ஒரே டிசைன் குல்லாதான் இருக்கும். ஆனால் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது.

விழாவுக்குப் பல மாதம் முன்னரே அந்த ஆண்டுக்கான குல்லா டிசைன் வெளியாகிவிடும். 2015-இல் டோனா ஸ்மித் வரைந்து இலவசமாகத் தந்த 'பா-பிள்' குல்லா அவற்றில் மிகவும் பெயர்பெற்றது. தலையைச் சுற்றிச் செம்மறியாடுகள் வரிசைகட்டி நிற்கும். உச்சியில் ஒரு குஞ்சம். ஆயிரக்கணக்கானோர் அதைப் பின்னினார்கள். புல்லின் பச்சையை வெள்ளையாக்கினால் பனிக்காலம் வந்துவிடும், வானத்தின் நிறத்தைக் கறுப்பாக்கினால் இரவாகிவிடும் என்று ஆளுக்கொரு விதமாக மாற்றவும் இடம் தரும் டிசைன் அது.

யாரோ வரைந்த படத்தைப் பார்த்துப் பின்னுவதில் என்ன கலை இருக்கிறது, அதுவும் ஒரே குல்லாவைக் குளிர்காலம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பின்னுவதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. ஊசி பிடித்துப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். முதல் குல்லாவில் கை டிசைனைக் கற்றுக்கொள்கிறது. அடுத்தடுத்த குல்லாக்களில்தான் பின்னுகிறவரின் முடிவுகள் தொடங்குகின்றன.

144 கண்ணிகள் போட்டுத் தொடங்கும் ஒரு குல்லாவை எடுத்துக்கொள்வோம். 10 சென்டிமீட்டருக்கு 28 கண்ணி விழுகிற கையாக இருந்தால், சுற்றளவு 51 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே வரும். 56 சென்டிமீட்டர் தலையில் கொஞ்சம் இழுபட்டுச் சிக்கென்று உட்காரும். 144 என்பது மிகவும் வசதியான எண். 24 கண்ணி அகலமுள்ள பூவை ஆறு முறை வைக்கலாம். 18 கண்ணிப் பூ எட்டு முறையும், 16 கண்ணிப் பூ ஒன்பது முறையும், 12 கண்ணிப் பூ பன்னிரண்டு முறையும் மிச்சமில்லாமல் உட்காரும். விளிம்பின் ரிப் பின்னலும் கண்ணி எண்ணிக்கையும் மாறாமலிருக்க, நடுப்பட்டையை மட்டும் கழற்றி வேறொன்றைப் பொருத்திவிடலாம்.

சிக்கல் உச்சியில் வரும். ஆறு பாகமாகப் பிரித்துக் கண்ணிகளைக் குறைத்துக்கொண்டே போகும்போது 24 கண்ணி 22 ஆகி, 20 ஆகி, கடைசியில் ஒன்றிரண்டில் வந்து நிற்கும். கீழே அழகாக இருந்த பூ அங்கே வெட்டுப்படும். ஆகவே உச்சிக்கென்று தனியாகக் கட்டக் காகிதத்தில் வரைந்தாக வேண்டும். சரியாக வரைந்தால் மேலிருந்து பார்க்கும்போது ஆறு முனை நட்சத்திரம் விரியும். இந்த இடத்தில் தடுமாறி, அவிழ்த்து, மறுபடி பின்னியவரை வெறும் நகலெடுப்பவர் என்று சொல்வது நியாயமே இல்லை.

நிறத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஷெட்லாந்தின் ஃபேர் ஐல் தீவு உலகுக்குத் தந்த முறையில் ஒரு சுற்றில் இரண்டு நிறங்களுக்கு மேல் வராது. சுற்றுக்குச் சுற்று நிறங்களை மாற்றிக்கொள்ளலாம். பந்தாக வைத்துப் பார்க்கும்போது பளிச்சென்று வேறுபடும் சிவப்பும் பச்சையும் பின்னிய பிறகு ஒன்றோடொன்று கலந்து மங்கிவிடுவதுண்டு. தேர்ந்தவர்கள் நூல்பந்துகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்துப் பார்ப்பார்கள். படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த ஜோடி வேண்டாம். முன்னால் வராத நூல் உள்பக்கமாக ஓடுவதால் குல்லா இரட்டைத் தடிமனாகிறது. எந்தப் பூவை வைத்தாலும் கதகதப்பு குறையாது.

அந்தக் கதகதப்பு அங்கே உயிர்த்தேவை. டிசம்பர் பிற்பகுதியில் லெர்விக்கில் பகல் ஆறு மணி நேரம்கூட நீடிப்பதில்லை. 1951-இல் கன்னிஸ்டர் என்ற இடத்தில் புல்கரி (பீட்) நிலத்தைத் தோண்டியபோது, 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புதைந்த ஒரு மனிதனின் உடைகள் கிடைத்தன. அவற்றில் பின்னிய குல்லாக்கள் இருந்தன, நிற வேலைப்பாடு கொண்ட சிறு பணப்பையும் இருந்தது. ஷெட்லாந்தில் கிடைத்தவற்றில் மிகப் பழைய வண்ணப் பின்னல் அதுதான்.

பின்னாளில் ஷெட்லாந்துப் பெண்கள் இடுப்பில் தோல் பெல்ட் கட்டி, அதன் துளையில் ஊசியைச் செருகிக்கொண்டு, முதுகில் புல்கரிக் கூடையோடு நடந்தபடியே பின்னினார்கள். அந்த உழைப்புக்கு வியாபாரிகள் காசு தராமல் தேயிலையும் துணியுமாகக் கொடுத்தார்கள். 1872-இல் அரசு விசாரணைக் குழுவே இதைப் பதிவு செய்தது. உழைப்புக்கு விலை வைக்கும் உரிமை அந்தப் பெண்களிடம் இருக்கவில்லை. இன்று ஒருவர் தன் விருப்பப்படி பூவை மாற்றி, தனக்கென்று ஒரு குல்லாவைப் பின்ன முடிவது அந்த வரலாற்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய சுதந்திரம்.

இந்தப் பின்னல் அறிவு கையிலிருந்து கைக்குத்தான் போகும். 2010-இல் ஷெட்லாந்து தீவுகள் மன்றம் செலவைக் குறைப்பதற்காகத் தொடக்கப் பள்ளிகளில் பின்னல் பயிற்சியை நிறுத்தியது. அது தவறான முடிவு. இப்போது 'ஷெட்லாந்து பீரி மக்கர்ஸ்' குழுக்களில் தன்னார்வலர்கள் சிறுவர்களுக்குக் கற்றுத்தருகிறார்கள். அவர்கள் பாராட்டுக்குரியவர்கள். ஆனாலும் பள்ளி செய்ய வேண்டிய வேலையை எத்தனை காலம்தான் நல்ல மனம் படைத்தவர்களின் ஓய்வு நேரத்தில் சுமத்திவைப்பது?

ஊட்டியிலோ டொரன்டோவிலோ லண்டனிலோ குளிரோடு வாழும் தமிழ் வாசகர்கள் இந்தக் குளிர்காலத்தில் ஒரு குல்லா பின்னிப் பார்க்கலாம். முதலாவதைப் படத்தில் உள்ளபடியே பின்னுங்கள். அடுத்ததில் நிறத்தை மட்டும் மாற்றுங்கள், அதற்கடுத்ததில் ஒரு பட்டையை மாற்றுங்கள். யாருக்காவது பரிசளித்தால், மூல டிசைனை வரைந்தவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.