கேம்தானேன்னு அழிக்கலாமா?

எங்கள் ஓசூர் பக்கம் பலர் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பழைய கம்ப்யூட்டர் வாங்கித்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். அதில் 'சி' டிரைவ் சின்னதாக இருந்தால் சீக்கிரமே நிரம்பிவிடும். கடைக்குக் கொண்டுபோனால் உடனே ஃபார்மட்! பக்கத்து வீட்டுப் பையன் ஒரு வருஷமாக மைன்கிராஃப்ட்டில் கட்டிய ஊர் முழுசும் அப்படித்தான் போச்சு. "கேம்தானேம்மா, மறுபடி விளையாடட்டும்" என்றாராம் கடைக்காரர். பிள்ளை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாம் போட்ட கோலத்தை யாராவது மிதித்தால் சும்மா இருப்போமா?

அழிக்கும் முன் ஒரு வார்த்தை கேட்பதுதான் முறை. ஆனால் அவர்கள் கேட்பார்கள் என்று காத்திருக்காதீர்கள், தோழியரே. விண்டோஸ் பட்டனையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அமுக்கி, 'ஆப்டேட்டா' என்று ஆங்கிலத்தில், முன்னும் பின்னும் சதவீதக் குறியோடு அடியுங்கள். திறக்கும் ஃபோல்டரில் 'மைன்கிராஃப்ட்', அதற்குள் 'சேவ்ஸ்'. ஜாவா எடிஷன் என்றால் பிள்ளை கட்டியதெல்லாம் அங்கேதான் இருக்கும். கேமை மூடிவிட்டு பென் டிரைவில் ஒரு காப்பி எடுங்கள்.

இடத்தையே மாற்றணுமா? லாஞ்சரில் 'இன்ஸ்டலேஷன்ஸ்' போய், எடிட் கொடுத்து, 'கேம் டைரக்டரி'யில் 'டி' டிரைவ் ஃபோல்டர் ஒன்றைக் காட்டணும். பழைய 'சேவ்ஸ்' தானாக வராது. நாம்தான் காப்பி செய்து அதற்குள் போடணும். இல்லாவிட்டால் காலி லிஸ்ட்டைப் பார்த்து பிள்ளை வீட்டையே இரண்டாக்கிவிடுவான்!

இப்போதெல்லாம் எங்கள் கம்ப்யூட்டர் கடைக்குப் போனால், 'சி-யை மட்டும் ஃபார்மட் செய்யவும்' என்று சீட்டு எழுதி ஒட்டித்தான் அனுப்புகிறேன்.

- ஒரு வாசகி, ஓசூர்