கேக் விலையில் மோதாதீர்கள். பிள்ளைகளுக்கு மேசையைத் திறந்து விடுங்கள்

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை எமது கரையோர ஊர்களில் கேக் செய்யாத தெருவே இல்லை என்று சொல்லுமளவுக்கு நிலைமை வந்துவிட்டது. பேக்கரிக்காரர் செய்கிறார். வீட்டிலிருக்கும் சகோதரிகளும் தொலைபேசியில் ஓடர் எடுத்துச் செய்கிறார்கள். தொழில் பெருகுவது நல்லதே. ஆனால் போட்டி முழுவதும் விலையில்தான் நடக்கிறது. அடுத்தவரை விட நூறு ரூபா குறைத்துக் கொடுத்தால் ஓடர் நமக்கு என்ற கணக்கு இரு தரப்பையும் மெல்ல மெல்லக் கரைத்து வருகிறது.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லை, எரிவாயுவும் இல்லை. 2023 இல் முட்டைத் தட்டுப்பாட்டினால் இந்திய முட்டை இறக்குமதியாகி, முதலில் பேக்கரித் தேவைக்கே விடப்பட்டது. மாவும் சீனியும் பட்டரும் முட்டையும் நமது கட்டுப்பாட்டில் இல்லை என்பதை அந்த இரண்டு வருடங்கள் நன்றாகவே காட்டிவிட்டன. அப்படியானால் விலையை எதில் குறைக்கிறோம்? நமது சொந்த உழைப்பின் கூலியில்தான். அதுவும் வீட்டில் செய்யும் சகோதரியின் கூலி பெரும்பாலும் கணக்கிலேயே வருவதில்லை.

இதற்கு மாற்றாகக் கொழும்பிலும் வெளிநாடுகளிலும் நடக்கும் ஒரு ஏற்பாட்டை எமது வர்த்தகர்கள் கவனிக்க வேண்டும். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு அலங்கரித்த கேக்கை அனுப்புவதுடன் நிறுத்தாமல், பிள்ளைகளையே மேசையைச் சுற்றி நிறுத்தி, மா உருட்டி, அச்சு வெட்டி, ஐசிங் பூச வைப்பதுதான் அது. தாம் செய்ததைப் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போவார்கள். பெற்றோர் பணம் கொடுப்பது அந்த இரண்டு மணி நேரத்துக்கு.

இது வெறும் விளையாட்டல்ல. தன் கையால் செய்த பொருளுக்கு மனிதன் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறான் என்பதை நோட்டன், மொச்சன், ஏரியலி ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2012 இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். கடதாசி மடித்து உருவம் செய்தவர்கள், தமது கோணல்மாணலான வேலையை நிபுணர் செய்ததற்குக் கிட்டத்தட்டச் சமமாக மதித்தார்கள். 1999 இல் மெக்சிக்கோவில் தொடங்கி 2013 இல் மும்பாய்க்கும் வந்த கிட்ஸானியாவில், பிள்ளைகள் பெரியவர்களின் தொழிலைச் செய்து பார்ப்பதற்காகவே பெற்றோர் நுழைவுச்சீட்டு வாங்குகிறார்கள்.

பிறந்தநாள் கொண்டாடலாமா என்று சிலர் கேட்பார்கள். அது உலமாக்களிடம் கேட்க வேண்டிய கேள்வி. இந்தப் பக்கம் அதற்குத் தீர்ப்பளிக்காது. கொண்டாடாத குடும்பங்களுக்கும் பெருநாள் விடுமுறை உண்டு, குர்ஆன் ஓதி முடித்த மகிழ்ச்சி உண்டு, புலமைப்பரிசில் சித்தி உண்டு. ஏற்பாடு ஒன்றுதான்.

இனிக் கணக்குக்கு வருவோம். 12 பிள்ளைகள், ஆளுக்கு 25 கிராமில் 3 பிஸ்கட். மொத்தம் 900 கிராம் குழைத்த மா. சீனி ஒரு பங்கு, பட்டர் இரண்டு பங்கு, மா மூன்று பங்கு என்றால் சீனி 150, பட்டர் 300, கோதுமை மா 450 கிராம். முட்டை தேவையில்லை. எமது வெயிலுக்குப் பட்டர் இளகிவிடும் என்பதால் காலையிலேயே குழைத்துக் குளிரூட்டியில் வைக்க வேண்டும். அஸருக்குப் பின் தொடங்கினால் மஃரிபுக்கு முன் முடித்துவிடலாம். வீட்டு மின் அடுப்பில் 36 பிஸ்கட்டும் ஒரே தடவையில் அடங்காது. இரண்டு மூன்று தடவை வேகவைக்க வேண்டும். ஆகவே தட்டிலுள்ள தாளில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பென்சிலால் எழுதுங்கள். தன்னுடைய பிஸ்கட் மாறிப்போனால் பிள்ளை அழும்; அத்தோடு உங்கள் பெயரும் போகும்.

மூலப்பொருள் இவ்வளவுதான். உழைப்பு எவ்வளவு? ஆயத்தம் 2 மணித்தியாலம், போக வர 1, நிகழ்ச்சி 2, கழுவித் துடைக்க 1. இரண்டு பேருக்கு 12 மணித்தியாலம். ‘கொஞ்சம் மாவுக்கும் சீனிக்கும் இவ்வளவா?’ என்று வாடிக்கையாளர் கேட்டால், இந்த 12 மணித்தியாலத்தை எழுதிக் காட்டுங்கள். எழுதாத கூலியை எவரும் தரமாட்டார்கள். பாதிப் பணத்தை முற்பணமாக வாங்குங்கள். 12 என்று பேசினால் 12 தான்; கடைசி நேரத்தில் மச்சான் வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்தால் இரண்டு பேரால் சமாளிக்க முடியாது.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். பேக்கரியின் போறணைப் பக்கம் பிள்ளைகளை விடவே கூடாது. வாடிக்கையாளர் வீட்டிலோ தனி அறையிலோ நடத்துங்கள். அடுப்பைக் கையாள ஒருவர், மேசைக்கு ஒருவர், கூடவே ஒரு பெற்றோர். கடலை, பால், முட்டை ஒவ்வாத பிள்ளை உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். வேகாத மாவை வாயில் வைக்க விடாதீர்கள். 2016 இல் அமெரிக்காவில் ஈ.கோலி கிருமி இருந்த கோதுமை மாவினால் பலர் நோயுற்று, பெருந்தொகை மா சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஆலோசனை கேட்பதும் நல்லது.

பேக்கரி உரிமையாளர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் கேக் செய்யும் சகோதரியை எதிரியாகப் பார்க்காதீர்கள். உங்களிடம் பெரிய போறணையும் தட்டுகளும் மொத்த விலையில் வாங்கும் வசதியும் உள்ளன. அவரிடம் பிள்ளைகளை அமர்த்தி வைக்கும் பொறுமையும் வீடுகளுக்குள் செல்லும் நம்பிக்கையும் உள்ளன. குழைத்த மாவும் வெறும் கப் கேக்கும் உங்களிடமிருந்து போகட்டும். நிகழ்ச்சியை அவர் நடத்தட்டும். பங்கைத் தொடக்கத்திலேயே பேசி எழுதிக்கொண்டால் மனக்கசப்பு வராது.

நூறு ரூபா குறைத்துப் பிடித்த வாடிக்கையாளர், இன்னொருவர் நூற்றைம்பது குறைத்தால் போய்விடுவார். தன் மகளின் கையால் மா உருட்டிய ஞாபகத்துடன் போகும் தாய், அடுத்த விடுமுறைக்கும் உங்களைத்தான் தேடி வருவார். வரும் பாடசாலை விடுமுறையில், தெரிந்த ஒரு குடும்பத்தில், ஆறு பிள்ளைகளுடன் ஒருமுறை செய்து பாருங்கள். செலவையும் நேரத்தையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அதன் பிறகு விலையை முடிவு செய்யுங்கள்.