வெள்ளத்தில் நனைந்த கல்யாண டிவிடி... போட்டோக்களை மீட்க முடியுமா?

"ஏட்டி, நீ கம்ப்யூட்டர்லதானே வேலை பாக்க, இது ஓடுமான்னு பாரு."

மீனாட்சிபுரத்து அத்தை என் கையில் ஒரு பிளாஸ்டிக் பையைத் திணித்தாள். உள்ளே மூன்று டிஸ்க், எல்லாவற்றிலும் காய்ந்த சேறு. 2009-ல் நடந்த அக்கா கல்யாணம். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது பீரோவின் கீழ்த்தட்டு முழுக்கத் தண்ணீர். ஆல்பத்தின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், பிரித்தால் முகமே உரிந்து வந்தது. டிஸ்க்கும் போயிருக்கும் என்று பரணில் போட்டுவிட்டாள். போட்டோ எடுத்த ஸ்டூடியோவிலும் பழைய ஃபைல் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பை இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டிஸ்க்கின் உடம்பு பாலிகார்பனேட் பிளாஸ்டிக். தண்ணீர் பட்டதும் அழிந்துவிடாது. சேற்றை அப்படியே துடைப்பதுதான் ஆபத்து, மணல் கீறிவிடும். முதலில் சுத்தமான தண்ணீரில் நனைத்து சேற்றை இளக விடுங்கள். துளி பாத்திரம் கழுவும் திரவம் போதும். பிறகு மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். பதிவு வட்டமாகத்தான் ஓடுகிறது, அதே திசையில் கீறல் விழுந்தால் டிரைவால் சமாளிக்க முடியாது. நிழலில் காய வையுங்கள். வெயிலில் வைத்தால் பதிவைத் தாங்கும் சாயம் வெளுக்கும்.

இன்னொன்று, சிடியில் நாம் பெயர் எழுதும் பக்கம்தான் பலவீனமானது. பதிவு அடுக்கு அதற்கு நேர் கீழே, மெல்லிய பூச்சுக்குள் இருக்கிறது. டிவிடியில் இரண்டு தகடுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கும். அதனால் சிடியில் பால்பாயின்ட் பேனா கூடவே கூடாது. ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள்.

ஒரு டிரைவில் திறக்கவில்லையா? இன்னொரு டிரைவில் போடுங்கள். அத்தையின் முதல் டிஸ்க் ஆபீஸ் கம்ப்யூட்டரில் 'காலி' என்று காட்டியது, பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டரின் பழைய டிரைவில் அப்படியே திறந்தது. யுஎஸ்பி டிவிடி டிரைவ் வைத்திருப்பவர்கள் ஹப்பில் செருகாமல் நேராக லேப்டாப்பில் செருகுங்கள். பாதிப் பிரச்னை மின்சாரம் போதாததால் வருவது. மொத்தமாக காப்பி செய்யாமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், ஒரு ஃபைல் மாட்டினால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

புதிதாக ரைட் பண்ணப் போகிறவர்களுக்கு: டிவிடி கவரில் 4.7 ஜிபி என்று இருக்கும், விண்டோஸ் கணக்கில் அது 4.38 தான். ஓரம் வரை நிரப்பாதீர்கள். பதிவு நடுவிலிருந்து வெளியே போகும், தகராறு பெரும்பாலும் கடைசி போட்டோக்களில்தான். டிஸ்க்கைப் போட்டதும் விண்டோஸ் இரண்டு வழி கேட்கும். பென்டிரைவ் மாதிரி என்பதை விட்டு, சிடி, டிவிடி பிளேயருக்கு என்பதைத் தேர்வு செய்யுங்கள். 'கம்ப்யூட்டரில் தெரியுது, டிவியில் தெரியல' என்ற புகாருக்கு முக்கியக் காரணம் இதுதான். இன்னொரு காரணம் ஐபோனின் ஹெய்க் வகைப் படங்கள். ஜேபெக்காக மாற்றிவிட்டு ரைட் பண்ணுங்கள். வேகத்தை 4 எக்ஸ் அல்லது 8 எக்ஸ் வைத்தால் பழைய டிரைவ்களும் திணறாது. முடிந்ததும் வேறு கம்ப்யூட்டரில் போட்டு கடைசிப் போட்டோவைத் திறந்து பாருங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் கொடுத்து, சித்தியிடம் நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

டிஸ்க் ஒன்றையே நம்பியும் இருக்க முடியாது. புது லேப்டாப்களில் பெரும்பாலும் டிரைவே கிடையாது. பதிவு செய்யும் ப்ளூரே டிஸ்க் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. ஒரு காப்பி ஹார்டு டிஸ்க்கில், இன்னொன்று வேறு ஊர் சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் படம் சுருங்கிவிடும்.

அத்தைக்கு இரண்டு டிஸ்க் முழுசாகக் கிடைத்துவிட்டது. தாலி கட்டும்போது ஆச்சி கண்ணைத் துடைக்கிற போட்டோவைத்தான் முதலில் பிரின்ட் போடச் சொன்னாள். மறுவீட்டுப் படங்கள் இருக்கும் மூன்றாவது சிடி இன்னும் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டை நண்பன் வீட்டு டிரைவில் போட்டுப் பார்க்கப் போகிறேன்.